பட்டாளத்து வாசலில் தடுக்கும் காகிதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இராணுவத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அதில் சில ஆண்டுகள் ஆள்சேர்ப்பு முகாம்களில் சான்றிதழ் சரிபார்க்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். நான்கு ஆண்டுப் பணிக்கு இராணுவ வீரர்களை எடுக்கும் அக்னிவீர் சேர்க்கை குறித்து இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, ஓட்டத்தைப் பற்றிக் கேட்டவர்களைக் காட்டிலும் ஓர் எழுத்துப் பிழையைப் பற்றிக் கேட்டவர்களே மிகுதி என்பதைக் கண்டேன். அன்று என் மேசைக்கு முன்னால் நின்ற பிள்ளைகளின் நிலையும் அதுவே. ஆகவே அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குச் சற்று நீண்ட விடையே தேவைப்படுகிறது.

வாசகர், கமுதி: ஐயா, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பெயருக்குப் பின்னால் தலைப்பெழுத்து மட்டும் இருக்கிறது. ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து என் பெயருக்கு முன்னால் நிற்கிறது. அப்பாவின் பெயரும் ஆங்கிலத்தில் இரண்டிலும் ஒரே மாதிரி இல்லை. சென்ற முறை எழுத்துத் தேர்வில் தேறி, முகாமில் ஓடியும் முடித்த பிறகு, சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த சேர்க்கைக்குள் எதை எதற்கு ஏற்றபடி திருத்த வேண்டும்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு விடியற்காலை நினைவுக்கு வந்தது. ஓடி முடித்த வியர்வை காயாமல், மார்பில் எண் எழுதிய மையும் அழியாமல், ஒரு பையன் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து என் மேசையில் வைத்தான். மூன்று காகிதங்களில் மூன்று விதமாக அவன் பெயர் இருந்தது. மூன்றும் அவனே என்பது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று சொல்ல அந்தக் காகிதங்களுக்குத் தெரியவில்லை. அவனைத் திருப்பி அனுப்பியதை நான் இன்றும் மறக்கவில்லை.

இந்தக் குழப்பத்தின் வேர் நம் பெயரிடும் முறையில் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. ‘எம். மணிகண்டன்’ என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். பள்ளிப் பதிவேட்டில் அது ‘மணிகண்டன் எம்’ என்று ஏறும். நிரந்தரக் கணக்கு எண் அட்டைக்கு, அதாவது பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது தலைப்பெழுத்தை அப்படியே எழுத விடமாட்டார்கள். விரித்து எழுதச் சொல்வார்கள். ஆகவே அங்கே ‘முத்துசாமி மணிகண்டன்’ என்றோ, ‘மணிகண்டன் முத்துசாமி’ என்றோ வந்து நிற்கும். ஆதார் முகாமில் கணினிக்கு முன்னால் இருந்தவர் எப்படித் தட்டினாரோ அப்படி ஒரு பெயர். இவற்றுக்கு நடுவே ‘முத்துசாமி’யை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரிடத்தில் ஒரு ‘எச்’ கூடும், ஓரிடத்தில் ‘யு’ போய் ‘டபிள்யூ’ வரும். இதில் உங்கள் தவறு என்று எதுவும் இல்லை. ஆனால் திருத்தும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழுகிறது.

திருத்தத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இராணுவத்தைப் பொறுத்தவரை பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழே மூலம். பெயர், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த தேதி ஆகிய நான்கும் அதில் எப்படி உள்ளனவோ அப்படியே விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். ஆகவே அந்தச் சான்றிதழில் உண்மையான பிழை இல்லை என்றால் அதைத் தொடாதீர்கள். மற்றவற்றை அதற்கு இணங்கத் திருத்துங்கள். அதிலேயே பிழை இருந்தால், படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும் என்பதால் அறிவிக்கை வரும்வரை காத்திருக்கக் கூடாது.

அடுத்து ஆதார். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறையும், பிறந்த தேதியை 1 முறையும் மட்டுமே மாற்ற இயலும். அவசரத்தில் ஒரு வாய்ப்பைத் தவறாகப் பயன்படுத்தியவர்கள் பலர். மையத்துக்குப் போகும்போது மதிப்பெண் சான்றிதழின் மூலத்தைக் கையில் கொண்டு போங்கள். தட்டச்சு செய்பவர் ஒப்புகைச் சீட்டை அச்சிடுவதற்கு முன்பு, திரையில் உள்ள ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தலைப்பெழுத்து முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, நடுவில் புள்ளி இருக்கிறதா இடைவெளி இருக்கிறதா என்பதுவரை பாருங்கள். அங்கேயே உங்கள் கைப்பேசி எண் ஆதாருடன் இணைந்துள்ளதா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆதார் சரியான பிறகே சாதிச் சான்றிதழுக்கும் இருப்பிடச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும். முதலில் அங்கே போனால், உங்கள் பெயரில் உருவாகும் பதிவு எண்ணிலேயே பழைய பெயர் ஏறிவிடும். பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூவர் கையொப்பமிட்டு வரும் சான்றிதழும் பழைய பெயரிலேயே வரும். கடைசியாகப் பான் அட்டை, வங்கிக் கணக்கு. பான் அட்டையில் தலைப்பெழுத்து விரிந்திருப்பது அதன் விதி. ஆயினும் விரித்த பெயரின் எழுத்துகள், மதிப்பெண் சான்றிதழில் உள்ள தந்தை பெயரின் எழுத்துகளோடு ஒத்திருந்தால் விளக்கம் சொல்ல இடம் இருக்கும்.

நோட்டரி வழக்கறிஞரிடம் ‘இரண்டு பெயரும் ஒருவரே’ என்று பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு போனால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அதை ஏற்பதும் மறுப்பதும் மேசையில் இருப்பவரின் முடிவு. அந்த நேரத்தில் அவர் முன்னால் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்பார்கள். நான் அந்த இடத்தில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: அதை நம்பி ஓராண்டு உழைப்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

முன்னாள் படைவீரர், கணியம்பாடி: நான் ஓய்வு பெற்ற நாயக். என் இளைய மகன் அக்னிவீர் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க உள்ளான். முன்னாள் படைவீரரின் மகன் என்ற முறையில் கிடைக்கும் கூடுதல் மதிப்பெண்ணுக்கு உறவுமுறைச் சான்று வேண்டும் என்கிறார்கள். என் பணிப் பதிவேட்டில் அவன் பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழிலிருந்து மாறுபட்டிருக்கிறது.

பதில்: அண்ணே, படைவீரர்கள் நிறைந்த ஊரான கம்மவான்பேட்டைப் பக்கத்தில் இருப்பவருக்குப் பட்டாளத்தைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாம் பணியில் இருந்தபோது, பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் வரும். அதை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்வோம். பள்ளியில் சேர்க்கும்போது தாத்தா வேறொரு தேதியைச் சொல்லியிருப்பார். இந்த முரண் நம்மவர் வீடுகளில் மிக இயல்பாக இருக்கிறது. உறவுமுறைச் சான்றை வழங்குவது உங்கள் படைப்பிரிவின் ஆவணக் காப்பு அலுவலகம். நீங்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவரானால் அது வெலிங்டனில் இருக்கிறது. மகனின் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், உங்கள் பணிவிடுப்புப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு, தேதியைத் திருத்தக் கோரும் மனுவை இப்போதே அனுப்புங்கள். வேலூரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அனுப்பினால், உடன் வைக்க வேண்டிய படிவங்களை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். இந்தச் சலுகையை ஒரு மகனுக்கு மட்டுமே பயன்படுத்த முடியும். மூத்தவர் ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் இளையவருக்குக் கிடைக்காது.

வாசகர், அரூர்: கணினி மையம் ஒன்றில் விண்ணப்பம் போட்டேன். கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. ஆனால் நுழைவுச் சீட்டு வரவே இல்லை. மையத்தில் கேட்டால் ‘எல்லாம் சரியாகத்தான் போட்டோம்’ என்கிறார்கள்.

பதில்: பணம் எடுக்கப்பட்டதும் விண்ணப்பம் முடிந்ததும் ஒன்றல்ல. தேர்வுக் கட்டணத்தில் விண்ணப்பதாரரின் பங்கு 250 ரூபாய். அது வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டு, உங்களுக்கென்று ஒரு பதிவெண் உருவான பிறகுதான் நீங்கள் விண்ணப்பித்தவராகக் கருதப்படுவீர்கள். வங்கியிலிருந்து பணம் போய், பதிவெண் வராமல் இருந்தால், நடுவில் எங்கோ பரிமாற்றம் அறுந்திருக்கிறது. கடைசி நாள் மாலையில் கூட்டத்தோடு கூட்டமாக விண்ணப்பிப்பவர்களுக்கு இது நேர்கிறது. உங்கள் கடிதத்தில் இன்னொன்றையும் கவனித்தேன்: மின்னஞ்சல் முகவரி யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. பல மையங்களில், பையனுக்கு மின்னஞ்சல் இல்லை என்றால் மையத்துக்காரர் தம்முடையதையே போட்டுவிடுகிறார். கெட்ட எண்ணத்தால் அன்று, வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக. பிறகு வரும் செய்திகள் எல்லாம் அவருடைய பெட்டியில், வேறு ஐம்பது பேருடைய செய்திகளோடு கிடக்கும். கடவுச்சொல்லும் அவருக்கே தெரியும்.

அடுத்த முறை உங்கள் கைப்பேசியிலேயே உங்களுக்கென ஒரு மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, அதையே கொடுங்கள். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டைச் சான்றிதழ்களோடு வையுங்கள். ‘ஜாயின் இந்தியன் ஆர்மி’ என்ற அரசுத் தளத்தில் மட்டுமே விண்ணப்பியுங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பரத் தளங்கள் அதே நிறத்தில், அதே சின்னத்தோடு இருந்தாலும் அவை வேறு. விண்ணப்பத்தை உறுதி செய்வதற்கு முன் ஒரு படி அச்செடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், அப்பா அம்மா முன்னால் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள். கட்டிய பின் திருத்த வழியில்லை.

வாசகர், பரமக்குடி: கோயம்புத்தூரில் படிக்கிறேன். அங்கிருந்தே விண்ணப்பிக்கலாமா?

பதில்: விண்ணப்பத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் நிரப்பலாம், ஆனால் மாவட்டம் என்ற இடத்தில் உங்கள் இருப்பிடச் சான்றிதழில் உள்ள மாவட்டமே வர வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி ஆகிய 3 ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் மாவட்டங்களைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. இராமநாதபுரம் மாவட்டம் திருச்சிராப்பள்ளியின் கீழ் வருகிறது. விடுதி முகவரியைக் கொடுத்துக் கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுத்தால், சரிபார்ப்பு நாளில் இருப்பிடச் சான்றிதழே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

வாசகர், செங்கம்: மூன்றாண்டுகளாக விடியற்காலையில் ஓடிப் பயிற்சி செய்கிறேன். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்துவிடுவேன். ஆனால் ஓடவே விடாமல் எழுத்துத் தேர்விலேயே இரண்டு முறை வெளியேற்றப்பட்டேன். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது நியாயமா?

பதில்: உங்கள் ஆற்றாமை எனக்குப் புரிகிறது. முன்பெல்லாம் முதலில் ஓட்டம், பிறகு உடல் அளவு, மருத்துவம், கடைசியில்தான் எழுத்துத் தேர்வு. 2023-ஆம் ஆண்டு முதல் கணினிவழிப் பொது நுழைவுத் தேர்வு முன்னால் வந்துவிட்டது. அதில் தரவரிசைப் பட்டியலில் இடம் பெற்றவர்களுக்கே முகாமுக்கு அழைப்பு. ஆயிரக்கணக்கானோர் சாலையோரத்தில் இரவெல்லாம் படுத்துக் கிடந்து, நெரிசலில் ஓடிய பழைய நிலை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் மைதானம் இருந்தும் கணினி இல்லாமல் போன ஊர்களின் பிள்ளைகள் இந்த மாற்றத்தால் பின்தங்கினார்கள் என்பதை மறைக்க மாட்டேன். அரசுப் பள்ளிகளின் கணினி அறைகளை மாலை நேரத்தில் இவர்களுக்குத் திறந்துவிட்டால் எவ்வளவோ பேர் தேறுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

நடைமுறைக்கு வருவோம். பொதுப்பணிப் பிரிவுக்கு 50 கேள்விகள், 60 நிமிடம், கேள்விக்கு 2 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் குறையும். ஆகவே தெரியாத கேள்வியைக் குறிக்காமல் விடுவதும் ஒரு திறமை. ஓட்டத்தில் கடைசிச் சுற்றுக்கு மூச்சைச் சேமிப்பவருக்கு இது புதிதாக இருக்காது. 2025-ஆம் ஆண்டு முதல் இந்தத் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். விண்ணப்பத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைக் கவனிக்காமல் கடந்துவிடாதீர்கள். அரசுத் தளத்திலேயே மாதிரித் தேர்வும் உண்டு. ஆனால் விமானப் படையின் அக்னிவீர் வாயு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடைபெறுகிறது என்பதை அறிந்து அதற்கு விண்ணப்பியுங்கள்.

உங்கள் ஓட்டத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழுமையாக 60 மதிப்பெண். ஆறே கால் நிமிடத்தைத் தொட்டால் 24 மட்டுமே. 10 புல்-அப்ஸ் எடுத்தால் 40. இறுதிப் பட்டியலில் இவையெல்லாம் சேரும்.

பெயர் வேண்டாம், ஒட்டப்பிடாரம்: 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகாமில் ஓடித் தேறினேன். மருத்துவத்திலும் தேறினேன். எழுத்துத் தேர்வு ஒத்திவைப்பு, மறுபடியும் ஒத்திவைப்பு என்று ஓராண்டுக்கு மேல் போயிற்று. பிறகு எல்லாமே ரத்து. இப்போது வயது 25. ஊரில் என்னைப் ‘பட்டாளத்தான்’ என்றே கூப்பிடுகிறார்கள். அது காதில் விழும்போதெல்லாம் வலிக்கிறது. இனி வழியே இல்லையா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்களுக்கு நேர்ந்தது உங்கள் குறையால் நேர்ந்தது அன்று. நோய்த்தொற்றைக் காரணம் காட்டித் தேர்வுகள் தள்ளிப்போயின; 2022 ஜூன் 14 அன்று, அக்னிவீர்களை எடுக்கும் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் முந்தைய சேர்க்கைகள் அப்படியே கைவிடப்பட்டன. அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் வயது வரம்பை 23 ஆக உயர்த்தினார்கள். ஆனால் ஏற்கெனவே தேறியவர்களும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. உங்களைப் போன்றவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2023 பிப்ரவரி 27 அன்று திட்டம் செல்லும் என்றது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரல் 10 அன்று தள்ளுபடி செய்தது. சட்டப்படி அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. சட்டம் சரி என்று சொன்னதாலேயே உங்கள் இழப்பு இழப்பில்லை என்று ஆகிவிடாது. மருத்துவத்திலும் தேறிய ஒருவனைக் காக்கவைத்துவிட்டு, காத்திருந்த காலத்தையே அவனுக்கு எதிராகக் கணக்கிட்டது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

25 வயதில் திறந்திருக்கும் வாசல்களைச் சொல்கிறேன். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பொதுப்பிரிவினருக்கு 26 வயது வரையிலும், பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28 வரையிலும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 31 வரையிலும் இடம் உண்டு. எல்லைக் காவல் படை, மத்திய ரிசர்வ் காவல் படை போன்றவற்றின் காவலர் பணிக்கு 23 வயது வரம்பு. அதில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5 ஆண்டும் தளர்வு இருப்பதால் உங்கள் வகுப்பைப் பொறுத்து இன்னும் வாய்ப்பு இருக்கலாம். அந்தத் தேர்வும் 2024 முதல் தமிழில் நடக்கிறது. ஆனால் உயரத்தைக் கவனியுங்கள்: இராணுவப் பொதுப்பணிக்கு நம் பகுதியினருக்கு 166 செ.மீ. போதும், அங்கே பொதுவாக 170 செ.மீ. கேட்பார்கள். பிராந்திய இராணுவத்தில் 18 முதல் 42 வயது வரை சேரலாம். கோயம்புத்தூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த அதன் பட்டாலியன்கள் உள்ளன. அது ஆண்டு முழுவதும் தொடரும் வேலை அன்று. அழைக்கும்போது சீருடை அணிந்து பணியாற்றி, மற்றக் காலத்தில் சொந்தத் தொழிலைப் பார்க்கும் அமைப்பு. உங்கள் மனத்தில் அந்தச் சீருடை இன்னும் இருக்கிறது என்று கடிதம் சொல்வதால் இதையும் எழுதினேன். இவற்றில் காவலர் தேர்வை முதலாவதாகப் பிடித்துக்கொள்ளுங்கள்; 2021-இல் தேறிய உடலைப் பழக்கம் விட்டுப்போகாமல் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

வாசகர், உசிலம்பட்டி: தோளில் குலசாமி பெயரைப் பச்சை குத்தியிருக்கிறேன். தடையாகுமா?

பதில்: ஆகும். முழங்கை தொடங்கி மணிக்கட்டு வரையுள்ள உட்புறத்திலும், புறங்கையிலும் உள்ள பச்சைக்கு மட்டுமே பொதுவாக அனுமதி. மரபு வழக்கப்படி குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்குத் தனி விதி உண்டு. சாமி பெயர் என்பதால் விலக்குக் கிடையாது. இதை ஊரில் உள்ள தம்பிகளுக்கும் சொல்லுங்கள்; திருவிழாக் கடையில் பத்து நிமிடத்தில் குத்துவது, பிறகு வாழ்நாள் முழுவதும் அழியாமல் நிற்கிறது.

வாசகர், பேராவூரணி: மருத்துவச் சோதனையில் ‘தற்காலிகத் தகுதியின்மை’ என்று எழுதிச் சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். காதில் அழுக்கு என்றும், பல் குறைவு என்றும் சொன்னார்கள். இத்துடன் முடிந்துவிட்டதா?

பதில்: முடியவில்லை. அந்தச் சீட்டில் எந்த இராணுவ மருத்துவமனைக்கு, எத்தனை நாட்களுக்குள் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்துப் பாருங்கள். கெடு தாண்டினால் வாய்ப்பும் போய்விடும். ‘நிரந்தரத் தகுதியின்மை’ என்று எழுதப்பட்டவர்களும் மேல் பரிசோதனையைக் கோர முடியும் என்பதைப் பலர் அறியாமல், சீட்டை வாங்கியதும் அழுதுகொண்டே பேருந்து ஏறிவிடுகிறார்கள்.

காதில் மெழுகு இருந்தால் மருத்துவரால் செவிப்பறையைப் பார்க்க முடியாது, அதனால்தான் தள்ளிவைக்கிறார்கள். முகாமுக்கு முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சுத்தம் செய்துகொள்ளும்படி அறிவிக்கையிலேயே அறிவுறுத்துகிறார்கள். கோழி இறகாலும் ஊக்காலும் வீட்டில் குடையாதீர்கள், செவிப்பறை கிழிந்தால் உண்மையாகவே தகுதி போய்விடும். பற்களுக்குப் புள்ளிக் கணக்கு உண்டு. குறைந்தது 14 புள்ளிகள் வேண்டும். சொத்தை விழுந்த பல்லைப் பிடுங்குவதற்கு முன், அடைத்துக் காப்பாற்ற முடியுமா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இவை சரிசெய்யக் கூடியவை. முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டுதல், தட்டைப் பாதம், நிறக்குருடு போன்றவை வேறு வகை. இவற்றை ஓடத் தொடங்குவதற்கு முன்பே, அதாவது பதினேழு வயதிலேயே, அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டித் தெரிந்துகொள்வது நல்லது. மூன்றாண்டு உழைத்த பிறகு நிறக்குருடு என்று முதன்முதலாகக் கேள்விப்பட்ட பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் செய்தியை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குக் கடைசிவரை பழகவில்லை. இன்னொன்று: வேகமாக ஓட வைக்கும் மாத்திரை, ஊசி என்று யார் கொடுத்தாலும் தொடாதீர்கள், ஊக்கமருந்து கண்டறியப்பட்டால் தகுதி நீக்கமே.

வாசகர், திருத்துறைப்பூண்டி: கோயில் திருவிழாவில் நடந்த கைகலப்பில் என் பெயரும் வழக்கில் சேர்ந்தது. பிறகு சமரசமாகி வழக்கு முடிந்துவிட்டது. ‘அதை எழுதாதே, யாருக்கும் தெரியாது’ என்கிறார்கள்.

பதில்: எழுதுங்கள். சேர்க்கைக்குப் பின் காவல் துறைச் சரிபார்ப்பு நடக்கும்; அப்போது அது வெளிவந்தே தீரும். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக விளக்கியது. சாதாரணமான சிறு வழக்காக இருந்தால் அதை மன்னித்து ஏற்கும் உரிமை வேலை தருபவருக்கு உண்டு. ஆனால் கேட்ட கேள்விக்கு மறைத்தோ பொய்யாகவோ விடை எழுதியது தெரிந்தால், பணியிலிருந்து நீக்கவும் உரிமை உண்டு. உண்மையைச் சொன்னாலும் வேலை உறுதி என்று நான் வாக்களிக்க முடியாது. ஆனால் மறைத்தவருக்குப் பேசுவதற்கே இடம் இருக்காது. வழக்கு முடிந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி மையத்துக்குப் போன பிறகு இதற்காக விடுப்பு எடுத்து வர முடியாது.

ஒரு தாய், அருப்புக்கோட்டை: மகனைப் பட்டாளத்தில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி ஒருவர் மூன்று லட்சம் கேட்டார். நகையை அடகு வைத்து ஒரு லட்சம் கொடுத்துவிட்டோம். மதிப்பெண் சான்றிதழின் மூலத்தையும் ‘மேலிடத்தில் காட்ட வேண்டும்’ என்று வாங்கிக்கொண்டார். இப்போது போனை எடுப்பதில்லை.

பதில்: அம்மா, முதலில் உங்கள் மகனைத் திட்டாதீர்கள், நீங்களும் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். இவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று நான் அறிவேன். பத்துப் பேரிடம் பணம் வாங்குவார்கள். எதுவும் செய்ய மாட்டார்கள். அந்தப் பத்தில் இருவர் தம் உழைப்பாலேயே தேறிவிடுவார்கள்; ‘நான்தான் சேர்த்துவிட்டேன்’ என்று அந்த இருவரையே சாட்சியாகக் காட்டி, அடுத்த ஊரில் இருபது பேரிடம் வாங்குவார்கள். எழுத்துத் தேர்வு கணினியில். ஓட்டத்தின் நேரம் கடிகாரத்தில். மதிப்பெண்ணைக் கூட்டித் தரவரிசை எடுப்பதும் கணினியே. தேர்வுக் கட்டணத்தைத் தவிர இராணுவத்தில் சேர ஒரு ரூபாயும் தேவையில்லை.

நாளைக் காலையிலேயே உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். கொடுத்த நாள், தொகை, அடகுச் சீட்டின் நகல், வங்கி வழியாக அனுப்பியிருந்தால் அதன் விவரம், அவர் பேசிய எண் ஆகியவற்றை இணையுங்கள்; சான்றிதழின் மூலம் அவரிடம் இருப்பதைப் புகாரில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்; புகார் மனு ஏற்புச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவருக்கு அது பெரும் உதவி. சான்றிதழ் திரும்பக் கிடைக்காவிட்டால், அந்தப் புகாரின் அடிப்படையில், படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக இரண்டாம்படி மதிப்பெண் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். மகனுக்கு வயது வரம்பு மீதம் இருந்தால் அடுத்த சேர்க்கைக்கு அவர் தாமாகவே விண்ணப்பிக்கட்டும்.

வாசகர், குளித்தலை: அடுத்த வாரம் முகாம். எவற்றையெல்லாம் எடுத்துப் போக வேண்டும்?

பதில்: வாழ்த்துகள், தம்பி. சான்றிதழ்களின் பட்டியல் உங்கள் அறிவிக்கையில் இருக்கிறது. அதில் பிள்ளைகள் தவறவிடுபவற்றை மட்டும் சொல்கிறேன். நன்னடத்தைச் சான்றும் திருமணமாகாதவர் சான்றும் கடந்த 6 மாதத்துக்குள் பெற்றவையாக இருக்க வேண்டும். சென்ற ஆண்டுக்காக வாங்கியதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பிரமாணப் பத்திரம் அறிவிக்கையில் உள்ள வாசகப்படியே 10 ரூபாய் முத்திரைத் தாளில் நோட்டரி கையொப்பத்தோடு இருக்க வேண்டும். நுழைவுச் சீட்டை லேசர் அச்சில் நல்ல தாளில் எடுங்கள். அதிலுள்ள பட்டைக் குறியை இயந்திரம் படிக்க வேண்டும் என்பதால் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைக்க வேண்டாம். அண்மையில் எடுத்த 20 புகைப்படங்கள், வெள்ளைப் பின்னணியில். கணினியில் சட்டை மாற்றியவை கூடாது. முடி வெட்டி, முகம் மழித்துப் போங்கள். பட்டாள வாழ்க்கைக்கு நீங்கள் ஒத்துப்போவீர்களா என்று பார்க்கும் தகவமைவுத் தேர்வு உங்கள் கைப்பேசியிலேயே நடக்கும். ஆகவே முழுமையாக மின்னேற்றிய கைப்பேசியும் போதுமான இணையத் தரவும் வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் படம் பார்த்து மின்கலத்தைத் தீர்த்துவிடாதீர்கள். மூலச் சான்றிதழ்களை ஓர் உறையிலும், சான்றொப்பமிட்ட நகல்களை மற்றோர் உறையிலும் பிரித்து, மழைக்கு நனையாதபடி பிளாஸ்டிக் பையில் இட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓடப் போகும்போது பையைத் தெரியாதவர் கையில் கொடுக்காதீர்கள். உடன் வரும் அப்பாவோ அண்ணனோ வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும். அவருக்குக் குடிக்கத் தண்ணீரும் ஒரு போர்வையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.